கோலாப்பூர் செருப்பும் நமது கண்டாங்கியும்

2025 ஜூன் மாதம் இத்தாலி நாட்டு மிலான் நகரில் பிராடா நிறுவனம் நடத்திய ஆடை அணிவகுப்பில், கோலாப்பூர் செருப்பை ஒத்த காலணி இடம்பெற்றது. கோலாப்பூர் என்ற பெயர் மட்டும் இடம்பெறவில்லை. அந்தப் படங்கள் கைப்பேசி வழியே நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் கண்டனம் கிளம்பிற்று.

கூச்சலோடு அது நின்றுபோயிருக்கும். மகாராஷ்டிரா வணிக, தொழில், வேளாண்மைச் சங்கம் முறைப்படி ஒரு கடிதம் எழுதியது. வணிகர் சங்கம் என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டுகிறோம். இந்தியக் கைவினையே தூண்டுதல் என்று பிராடா பதில் எழுதியது. அந்த ஆண்டு டிசம்பரில், மகாராஷ்டிராவிலும் கர்நாடகத்திலும் 2,000 ஜோடி செய்விக்க ஒப்பந்தமும் ஆயிற்று. ஜோடி சுமார் 800 யூரோவாம்! நம்மில் பல சிறு கடைகளின் கொள்முதல் பட்டியலே அவ்வளவுதான்.

விளம்பரம் இன்று ஒரே நொடியில் எல்லா நாட்டுக்கும் போகிறது. 2018 நவம்பரில் டோல்சே கபானா வெளியிட்ட படம் சீனரைப் புண்படுத்த, ஷாங்காய் அணிவகுப்பு ரத்தானது. அங்குள்ள இணையக் கடைகள் அவர்கள் சரக்கையே எடுத்துவிட்டன.

மளிகைக்காரருக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். செட்டிநாடு என்ற பெயரை மசாலாப் பொட்டலத்திலும் பலகார டப்பாவிலும் போட்டு விற்பவர்கள் நாம்தானே. அந்தப் பெயருக்கு மதிப்பு வந்ததில் கண்டாங்கிக்கும் பங்குண்டு. கோலாப்பூர் செருப்பைப் போலவே காரைக்குடி கண்டாங்கிச் சேலையும் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் வாட்ஸ்அப்பில் கண்டாங்கி என்று வரும் படங்களில் எது கைத்தறி, எது விசைத்தறி என்று பார்த்துச் சொல்ல முடிகிறதா? நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர் சிலரும் பில்லில் வெறும் 'காட்டன் சேலை' என்றே எழுதுகிறார்கள். பிராடா செய்ததும் அதுதான்.

குறியீடு பெயரைத்தான் காக்கும், கட்டத்தையும் கரையையும் அல்ல. அதுவும் நம் நாட்டுக்குள்தான். ஆகவே பெயரை விட்டால் கையில் ஒன்றுமில்லை. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, நெய்பவர் மட்டுமல்ல, அச்சரக்கை வாங்கி விற்கும் வணிகரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள இடமுண்டு. பதிவகம் வேறெங்கோ இல்லை, சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ஜவுளி வணிக உறுப்பினர்கள் முதலில் இதைச் செய்யட்டும். பில்லில் 'காரைக்குடி கண்டாங்கி, கைத்தறி' என்று எழுத இன்றே தொடங்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், சரக்கு உண்மையாக இருந்தால் போதும்.