யோபுவின் நண்பர்கள் தவறிய இடம்

யோபு என்றால் பொறுமை என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். பைபிளின் யோபு புத்தகத்தில் அந்தப் பொறுமை முதல் இரண்டு அதிகாரங்களோடு முடிந்துவிடுகிறது. மூன்றாவதில் அவர் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். பிறகு கடவுளை வழக்குக்கு அழைக்கிறார்.

ஊத்ஸ் தேசத்து யோபு குற்றமற்றவர் என்று கதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. சாத்தானிடம் கடவுளே அதைச் சொல்கிறார். ஆகவே 7,000 ஆடுகளும் 3,000 ஒட்டகங்களும் பறிபோய், பத்துப் பிள்ளைகளும் மாண்டு, உடலெல்லாம் புண்ணாகி அவர் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் சுரண்டிக்கொள்ளும்போது, இது தண்டனை அல்ல என்று நமக்குத் தெரியும். அவருடைய நண்பர்களுக்குத் தெரியாது.

எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் கல்நெஞ்சர்கள் அல்ல. தேடி வந்தார்கள், அழுதார்கள், ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் அதைவிடப் பெரிய துணை எது? பேசத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. கடவுள் நீதியுள்ளவர், நீ துன்பப்படுகிறாய், ஆகவே நீ தப்பு செய்திருக்கிறாய் என்பது அவர்கள் கணக்கு. பில்தாத் இறந்த பிள்ளைகள் மேலேயே பாவத்தை ஏற்றுகிறார், அதுவும் பெற்றவரின் முகத்துக்கு நேரே. 22ஆம் அதிகாரத்தில் எலிப்பாஸ், விதவைகளை வெறுங்கையோடு அனுப்பினாய், தாகித்தவனுக்குத் தண்ணீர் தரவில்லை என்று அடுக்குகிறார். கண்டவர் இல்லை, சாட்சியும் இல்லை. கணக்கு உதைக்கிறது, அதைச் சரிக்கட்ட ஒரு குற்றம் வேண்டியிருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே நின்று 'என்ன பாவம் செய்தாளோ' என்று முணுமுணுக்கும்போது நாமும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறோம்.

இறுதியில் பெருங்காற்றிலிருந்து பேசும் கடவுள் காரணம் எதையும் விளக்குவதில்லை. சாத்தானோடு நடந்த பேச்சு யோபுவுக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. மாசற்றவர்கள் ஏன் துன்பப்படுகிறார்கள் என்பதற்கு இந்தப் புத்தகத்தில் பதில் தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். ஆனால் துன்பத்தை வைத்துக் குற்றத்தை ஊகிக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் தெளிவாக இருக்கிறது. தமக்காக வாதாடிய நண்பர்கள்மீது கடவுள் கோபம் கொள்கிறார். தம்மோடு வழக்காடிய யோபுவே தம்மைப்பற்றிச் சரியாகப் பேசினார் என்கிறார்.

முடிவில் ஆடுமாடுகள் இரட்டிப்பாகின்றன. பிள்ளைகள் மட்டும் மறுபடி பத்துப் பேர்தான், இறந்தவர்கள் திரும்பவில்லை. இதை இழப்பீடு என்று வாசிக்க என் மனம் ஒப்பவில்லை. யோபுவின் வாழ்வு திரும்பியதைச் சொல்லும் அந்த இடத்திலேயே அவருடைய சகோதர சகோதரிகளும் பழகியவர்களும் வருகிறார்கள், அவர் வீட்டில் சாப்பிடுகிறார்கள், நேர்ந்த துயரத்துக்காக அவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள்.