பரணில் கிடக்கும் நெகிழ்வட்டுகள்

ஐம்பதைக் கடந்த நண்பர்கள் நால்வர் கூடினால் பேச்சு எப்படியோ பழைய கணிப்பொறிகளின் பக்கம் திரும்பிவிடுகிறது. காலணியை வெளியே கழற்றிவிட்டு நுழைந்த குளிரூட்டிய அறை, கறுப்புத் திரையில் பச்சை எழுத்துக்கள், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ், தெருவுக்கே கேட்கும்படி அலறும் டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறி. நானும் இந்தப் பேச்சில் மகிழ்ச்சியுடன் கலந்துகொள்பவன்தான். ஆயினும் நமது ஏக்கத்தில் இரண்டு மறதிகள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, அக்காலத்து அச்சத்தை மறந்துவிடுகிறோம். மற்றொன்று, பொறியை நினைவில் வைத்துக்கொண்டு, அதில் எதைச் சேமித்தோம் என்பதை மறந்துவிடுகிறோம்.

அச்சம் சிறியதன்று. வங்கிகளில் இயந்திரமயமாக்கலுக்கு ஊழியர் சங்கங்கள் உடன்படுவதற்கு 1983ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அடுத்த ஆண்டில் ரங்கராஜன் குழுவின் அறிக்கை வந்தது. நான் 1989இல் சேர்ந்த அலுவலகத்தில் மூத்த தட்டச்சர் ஓர் அம்மையார். கணிப்பொறி வந்திறங்கிய அன்று தமது தட்டச்சுப்பொறியைத் துடைத்து உறையிட்டு மூடினார். "இது என்னை வீட்டுக்கு அனுப்பாமல் இருந்தால் சரி" என்றார். அனுப்பவில்லை. ஆனால் அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடத்துக்கு யாரும் நியமிக்கப்படவில்லை. பச்சை எழுத்துக்களைப் பற்றி உருகும்போது அந்த உறையும் நினைவுக்கு வரவேண்டும்.

இனித் தெருவுக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்தில் நாங்கள் குடியிருந்த தெருவில், 1995இல் கூட்டுறவுச் சங்கக் கடனில் நான் வாங்கிய 486 பொறியே முதற் கணிப்பொறி. வாங்கிய ஒரு வாரத்துக்குள் அது தெருவின் பொதுச்சொத்தாகிவிட்டது. எதிர்வீட்டு மாமி, "ஏண்டாப்பா, இதுல ஜாதகம் வருமாமே?" என்று பேத்தியின் பிறந்த நேரத்தோடு வந்து நின்றார். மாடிவீட்டுக்காரருக்கு வாடகை ரசீது வேண்டும். மூன்றாம் வீட்டுப் பையனுக்கு வேலைக்கான விண்ணப்பம். அச்சடித்து மிஞ்சிய தொடர்தாளின் பின்பக்கத்தில் தெருப்பிள்ளைகள் கணக்குப் போட்டனர். மைக்கலாஞ்சலோ என்ற வைரஸ் மார்ச் 6ஆம் தேதி வட்டுகளை அழிக்கும் என்று 1992இல் அலுவலகத்தில் அன்று முழுவதும் பொறிகளை இயக்காமல் வைத்திருந்த கதையை ஒரு மாலை சொன்னேன். மளிகைக்கடைக்காரர் கவலையுடன், "தம்பி, அது மனுஷனுக்கும் தொத்துமா?" என்று கேட்டார். ஒரு வாரம் தெருவே சிரித்தது. இப்போது எண்ணிப் பார்த்தால், அறியாமையை வாய்விட்டுச் சொல்வதற்கு அங்கே யாருக்கும் கூச்சம் இருக்கவில்லை. நாம் இன்று ஏங்குவது பொறிக்காக அல்ல, அந்தக் கேள்விக்காகத்தான்.

ஆனால் அந்தக் கூட்டம் என் வீட்டில் கூடியதற்குக் காரணம் வேறெவரிடமும் பொறி இல்லை என்பதே. என் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் மகள் இன்று தன் கைப்பேசியிலேயே கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறாள். எவர் வீட்டு வாசலிலும் காத்து நிற்கவில்லை. வாசற்பேச்சு திரும்பக் கிடைக்கும் என்றாலும் இதை விட்டுக்கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

இரண்டாவது மறதியே என்னை எழுதத் தூண்டியது. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். தம் ஊர்ப்பக்கத்து உழவர்களும் குயவர்களும் நெசவாளர்களும் வழங்கும் சொற்களைத் துண்டுச்சீட்டுகளில் எழுதிச் சேர்த்திருந்தார். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். 1998இல் நாள்தோறும் மாலை அவர் சீட்டைப் படிக்க, நான் தட்டச்சு செய்தேன். வருக்கத்துக்கு ஒரு வட்டு என்று பத்து நெகிழ்வட்டுகள் ஆயின. 1.44 மெகாபைட் கொள்ளும் ஒரே வட்டில் அனைத்தும் அடங்கும் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. வேலை முடிந்த நாளில், "இனி இந்தக் காகிதமெல்லாம் எதற்கு சார்?" என்றேன். அந்தச் சொல்லை நம்பி அவர் சீட்டுகளைப் பழைய தாள் கடைக்குப் போட்டார். 2001இல் நான் என் பொறியைக் கொடுத்துப் புதியது வாங்கினேன். வன்தட்டிலிருந்த படியும் அதனோடு போயிற்று.

ஆசிரியர் 2009இல் மறைந்தார். சென்ற ஆண்டு அவர் மகள் அந்தப் பத்து வட்டுகளையும் கொண்டுவந்து, "அப்பாவோட சொல்லெல்லாம் இதுலதானே அண்ணா இருக்கு?" என்றார். யுஎஸ்பி வழியே இணைக்கும் வட்டியக்கி ஒன்றைத் தேடி வாங்கினேன். எட்டு வட்டுகள் திறந்தன. ப வருக்கமும் ம வருக்கமும் பூஞ்சை படிந்து போயிருந்தன.

திறந்தவற்றிலும் தமிழ் இல்லை. தலைக்குறியிட்ட ஐரோப்பிய எழுத்துக்களே வரிவரியாகத் தெரிந்தன. காரணம் நம்மில் பலர் அறிந்ததுதான். ஒருங்குறியில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தாலும், அது நம் மேசைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழெழுத்துக்களுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. மயிலையில் அடித்ததைப் பாமினி படிக்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே ஆர்வலர்கள் மின்னஞ்சலில் வாதிட்டுத் திஸ்கியை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்து டாம், டாப் என்ற குறியீடுகளும் வந்தன. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். எழுத்துரு மறைந்தால் அதில் எழுதியதும் படிக்க இயலாததாகிவிடும் என்பதை அன்று தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னைப் போன்றோர் நினைக்கவேயில்லை.

சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகளை எழுதி இலவசமாகக் கொடுத்தவர்களுக்கு இவ்விடத்தில் நன்றி சொல்லவேண்டும். அத்தகைய மாற்றி ஒன்றால் எட்டு வருக்கங்களும் இரண்டு நாளில் மீண்டன. ஏர்க்காலின் உறுப்புகளுக்கு அவர் குறித்த பெயர்கள் இருக்கின்றன. பானை வனையும் தொழிலின் சொற்கள் பெரும்பாலும் ப, ம வருக்கங்களில் இருந்தவை; அவை போயின. அவற்றைச் சொன்ன குயவர்கள் இன்று இல்லை. இதற்கு வட்டைக் குறைசொல்லிப் பயனில்லை. காகிதத்தை எறியச் சொன்னவன் நான்.

ஆகவே என் கருத்து இது. பழைய பொறிகளைப் பற்றி நாம் பேசும் மாலைகளில் ஒன்றையேனும் பரணுக்கு ஒதுக்குவோம். அங்கே சிற்றிதழ் ஒன்றின் பக்கங்கள், சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்புகள், அச்சேறாத நாவல் என ஏதேனும் ஒன்று பழைய எழுத்துருவில் கிடக்கலாம். முதலில் வட்டைப் படியெடுங்கள். பின்னர் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தி இருவரிடமேனும் கொடுத்துவையுங்கள். ஒரு படி தாளிலும் இருக்கட்டும். எப்படிச் செய்வது என்று தெரியாவிட்டால், அந்த மளிகைக்கடைக்காரரைப் போல் கூச்சமின்றி யாரிடமாவது கேளுங்கள்.

ஆசிரியரின் மகள் எட்டு வருக்கங்களையும் அச்சிட்டு எடுத்துப் போயிருக்கிறார். விடுபட்ட இரண்டுக்காக அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போகிறோம். எத்தனை சொற்கள் கிடைக்கும் என்று தெரியாது. இம்முறை சீட்டுகளை எறியமாட்டோம்.