மஞ்சள் பூசும் முன்

அஞ்சறைப் பெட்டியிலிருந்து மஞ்சள்தூளை எடுத்து, அரை எலுமிச்சையைப் பிழிந்து குழைத்து முகத்தில் பூசிக்கொண்டாள் என் அக்கா மகள். கால் மணி நேரத்தில் கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணுக்குக் கீழே பொடிப்பொடியாகத் தடித்துவிட்டது. துடைத்த வெள்ளைத் துண்டில் இன்னும் அந்தக் கறை போகவில்லை. ‘வீட்டுப் பொருள்தானே, என்ன செய்துவிடும்?’ என்ற நம்பிக்கை அவளுக்கு. ஆனால் நம் பாட்டிகள் குழம்புத் தூளை முகத்தில் அப்பியவர்கள் அல்லர். கறிக்கு விரலி மஞ்சள், குளியலுக்குக் குண்டு மஞ்சள் என்று பிரித்தே வாங்கினார்கள். கிழங்கைக் கல்லில் உரைத்துப் பூசினார்கள். கஸ்தூரி மஞ்சள் வேறொரு இனம்; கற்பூர வாசம் வீசும், நிறம் அவ்வளவாக ஒட்டாது. கடைத்தூளிலோ நிறத்துக்காக மெட்டானில் மஞ்சள் என்ற சாயமும் ஈயக் குரோமேட்டும் கலப்பதுண்டு. போதாக்குறைக்கு எலுமிச்சை வேறு. தோலின் பி.எச். அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றுக்கோ 2தான். மென்மையான தோல் அந்தப் புளிப்பைத் தாங்காது. சுத்தமான மஞ்சளேகூடச் சிலருக்கு ஒவ்வாமை தரும். அது ஓரிரு நாள் கழித்தும் தலைகாட்டும். அதற்காக மஞ்சளை விடச் சொல்லவில்லை. உரைத்த மஞ்சளைத் தயிரிலோ பாலிலோ குழைத்து, முதலில் முழங்கை மடிப்பில் துளி தடவிப் பாருங்கள். 48 மணி நேரம் பொறுங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மட்டும் முகத்துக்குக் கொண்டுபோங்கள்.