நாலணா இட்லியும் நூத்தறுபது ரூபாய் இட்லியும்

மும்பை வந்து 19 வருஷம் ஆகிறது. வெளியே சாப்பாடு என்றால் எங்கள் வீட்டில் மாட்டுங்கா என்றுதான் அர்த்தம். 1942ல் ஆரம்பித்த ராமா நாயக் உடுப்பியில் வாழை இலைச் சாப்பாடு, இல்லாவிட்டால் 1940லிருந்து இருக்கும் கஃபே மெட்ராஸ் வாசலில் வரிசையில் நின்று ரச வடை. அதைத் தாண்டி நான் யோசித்ததில்லை. போன மாசம் கல்யாண நாளுக்கு மகள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். "ஒரு தடவையாவது மாட்டுங்கா இல்லாம போகலாம்பா!" தங்கமணி எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்துக்கு அர்த்தம் தெரியாமலா இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினேன்?

வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு பிஸ்ட்ரோ இருக்கிறது. பெரிய பெரிய பரிசெல்லாம் வாங்கிய ஷெஃப் நடத்துவது. பேர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. பட்டுக்கோட்டையிலிருந்து அம்மா வந்திருந்ததால் நாலு பேராகக் கிளம்பினோம்.

பிஸ்ட்ரோ என்றால் என்ன என்று முன்னாடியே படித்து வைத்திருந்தேன் (மகள் முன்னால் மானம் போகக்கூடாது இல்லையா). பாரிஸில் பிஸ்ட்ரோ என்பது தெருமுனைச் சாப்பாட்டுக் கடை. நெருக்கமாகப் போட்ட நாலு மேஜை, இன்றைக்கு என்ன இருக்கிறது என்று கரும்பலகையில் எழுதிய பட்டியல், வெங்காய சூப், பக்கத்தில் குடியிருப்பவர்கள் தினம் வந்து சாப்பிடும் விலை. அதாவது நம்ம ஊர் மெஸ். அதற்கு முன்னால் 'உயர்தர' என்று ஒட்டியதும் விலைப்பட்டியலில் ஒரு சைபர் கூடிவிடுகிறது, அவ்வளவுதான்.

பட்டியலைத் திறந்தால் மூன்றாவது வரியிலேயே பொடி இட்லி. குட்டி இட்லி மூன்று, 480 ரூபாய். பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: ஷெஃபின் பாட்டி விறகடுப்பில் இட்லி ஊற்றிய கதை, அந்தப் பொடியின் வாசனை, இவருடைய பால்ய கால நினைவு. பரிமாறிய தம்பியும் அதையே அழகாக ஒப்பித்தார். ஷெஃப் அன்றைக்கு ஊரில் இல்லையாம். அடுப்படியில் நின்றது உத்தராகண்டைச் சேர்ந்த பையன். அம்மா கேட்டுத் தெரிந்துகொண்டார். யார் சமைத்தது என்று கேட்காமல் அவர் எங்கேயும் சாப்பிட மாட்டார்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பாவம்.

பில் வந்தது. சாப்பாடு 6,200. சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், 620. இரண்டையும் சேர்த்த 6,820க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, 341. மொத்தம் 7,161. எனக்குள் இருந்த கணக்குப்பிள்ளை விழித்துக்கொண்டான். கேட்காமல் சர்வீஸ் சார்ஜைப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அது செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28ல் சொன்னது. இதையெல்லாம் எடுத்துவிட்டேன். மகள் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். 6,510. பரிமாறிய தம்பியின் கையில் 300 கொடுத்தேன். ஜெயித்துவிட்ட மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்போதுதான் அம்மா சாவகாசமாகச் சொன்னார்: "நான் போட்ட இட்லி இதைவிட மெத்துனு இருக்கும். நாலணாவுக்குக் கொடுத்தேன்."

மகள் நிமிர்ந்தாள். "அப்பாயி, நீங்க கடை வச்சிருந்தீங்களா?"

என் மகளுக்கு வயது பதினாறு. அவளுக்கு இது தெரியாது. தெரியாதபடி பார்த்துக்கொண்டவன் நான். அப்பா போன பிறகு அம்மா திண்ணையில் இட்லிக்கடை போட்டார். விடிகாலை நாலு மணிக்கு அடுப்பு மூட்டுவார். நான் ஸ்கூலுக்குப் போகும் முன் நாலு வீட்டுக்குத் தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுப்பேன். கூடப் படித்தவன் வீடு வந்தால் மட்டும் தம்பியை அனுப்புவேன். திருச்சியில் இஞ்சினியரிங் படித்தது அந்த இட்லிக் காசில்தான். வேலைக்கு வந்த பிறகு யார் கேட்டாலும் "அம்மா வீட்டில்தான்" என்று சொல்லிப் பழகிவிட்டேன். தங்கமணிக்குத் தெரியும். அவள் வீட்டாருக்கு இன்றுவரை தெரியாது.

மகள் போனில் கணக்குப் போட்டாள். "இங்க ஒரு இட்லி 160 ரூபா. அப்பாயி, அதுக்கு நீங்க 640 இட்லி வித்திருக்கணும்!"

அம்மா ஷெஃபைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நம் ஊர்ப் பெரியவர்கள் வழக்கம் அதுதானே. அவர் சொன்னது வேறு: "அவன் விலையை அவன் சொல்றான். எனக்குச் சொல்லத் தெரியல. அஞ்சு காசு ஏத்தினா மறுநாள் பத்துப் பேரு வரமாட்டான். உளுந்து விலை ஏறினப்பகூட ஏத்தல."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பதிவு.

இந்த மாதிரி ஓட்டல்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே நம்மவர்கள் "இட்லிக்கு இந்த விலையா, பகல் கொள்ளை" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். இப்போது எனக்கு அது தப்பான கேள்வியாகத் தெரிகிறது. மும்பையில் கடை வாடகை என்னவென்று நமக்குத் தெரியும். சம்பளம், கரண்ட், ராத்திரி மிஞ்சிக் கொட்டுவது எல்லாம் அந்த 160க்குள்தான். பிடிக்காவிட்டால் போகாமல் இருக்கலாம். நாம் கேட்க வேண்டியது, திண்ணையில் விற்ற இட்லி மட்டும் ஏன் அவ்வளவு மலிவாகவே இருந்தது என்பதை. மாவு மலிவு இல்லை, விறகு மலிவு இல்லை. நாலு மணிக்கு எழுந்த அந்தப் பெண்பிள்ளையின் உழைப்பைத்தான் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நான் உட்பட.

ஃபிளாய்ட் கார்டோஸ் என்று ஒரு ஷெஃப் இருந்தார். பம்பாயில் பிறந்தவர். நியூயார்க்கில் 1998லிருந்து 2010 வரை தப்லா என்ற புகழ்பெற்ற உணவகத்தை நடத்தினார். 2015ல் இங்கே லோயர் பரேலில் திறந்த பாம்பே கேன்டீனிலும் பங்குதாரர். 2020 மார்ச்சில் கொரோனாவில் போய்விட்டார். 2011ல் அமெரிக்க டிவியில் டாப் ஷெஃப் மாஸ்டர்ஸ் போட்டியில் ஜெயித்து ஒரு லட்சம் டாலர் பரிசை நற்பணிக்குக் கொடுத்தார். இறுதிச் சுற்றில் அவர் செய்தது என்ன தெரியுமா? உப்புமா! காளான் போட்டிருந்தாலும் உப்புமா உப்புமாதானே. அதே உப்புமாவை வைத்து நாம் எத்தனை ஜோக் அடித்திருப்போம், அதை அவசரமாகக் கிண்டிப் போட்ட மனைவியையும் அம்மாவையும் சேர்த்து?

இன்னொருவர் விஜய் குமார், நத்தம் பக்கத்துக்காரர். நியூயார்க் 'செம்ம'வின் ஷெஃப். அந்த உணவகம் 2022ல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கியது. 2025ல் அவருக்கு நியூயார்க் மாநிலத்தின் சிறந்த ஷெஃப் என்று ஜேம்ஸ் பியர்டு விருது. அங்கே பேர்போன பண்டம் நத்தைப் பிரட்டல். வயக்காட்டில் பொறுக்கிச் சாப்பிட்டதை ஊரில் வெளியே சொல்லக் கூச்சப்படுவோம். அவர் அதையே வெள்ளைத் தட்டில் வைத்து, வேட்டி கட்டிப் போய் விருது வாங்கிவந்தார்.

இவர்களெல்லாம் தங்கள் வீட்டு அடுப்படியை உலகத்துக்குக் காட்டியவர்கள். பிஸ்ட்ரோ ஷெஃப் பாட்டி கதையை மெனுவிலேயே அச்சடித்துவிட்டார். என்னிடமும் அதே கதை இருந்தது, நிஜ விறகடுப்போடு. நான் அதை ஒளித்து வைத்தேன். அந்நியர் ஒருவர் பேர் வைத்து விலை போட்டுக் கொடுத்தால்தான் நம்ம சாப்பாட்டுக்கு மரியாதை என்றால், குறை அந்த அந்நியரிடமா இருக்கிறது?

பெரியதாகத் திருந்திவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு சின்ன விஷயம். எங்கள் குடியிருப்பில் சேலத்துக்கார அம்மா ஒருவர் இட்லி மாவு அரைத்து வீடு வீடாகக் கொடுக்கிறார். இந்த வருஷ ஆரம்பத்தில் பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய் ஏற்றினார். தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸப் குழுவில் பெரிய விவாதம். "எல்லாரும் ஒரு வாரம் வாங்காம இருந்தா தானா குறைப்பாங்க" என்று எழுதிய புத்திசாலி யார் தெரியுமா? அடியேன்தான். அவரும் குறைத்துவிட்டார். அன்றைக்கும் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

போன ஞாயிறு அவர் வந்தபோது ஏற்றிய விலையையே கொடுத்தேன். "எதுக்குங்க சார்?" என்று தயங்கினார். இதுதான் சரியான விலை என்று மட்டும் சொன்னேன். குழுவிலும் எழுதிவிட்டேன். மூன்று பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறார்கள், மற்றவர்கள் மௌனம். பார்க்கலாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அடுத்த மாசம் மச்சினன் கல்யாணம், மாமனார் வீட்டுச் சொந்தமெல்லாம் கூடும். மகள் இப்போதே சொல்லிவிட்டாள்: "அப்பாயி இட்லிக்கடை கதையை நான் எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன்பா."

வேண்டாம், நானே சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

பி.கு: "நல்லா இருந்துச்சா அம்மா?" என்று வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "அந்தப் பையன் உப்பு சரியாப் போட்டிருந்தான். பொடிதான் காரல். எள்ளை இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கணும்." மிஷெலின்காரர்கள் கவனிக்கவும் :-)