துண்டு இல்லாமல் பிரெட்னிசொலோன் விற்காதீர்கள்

மாரி தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "தம்பி, அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை இருக்கோ? ஒண்டு போட்டாலே காய்ச்சல் விட்டிடும்." கேட்பது பிரெட்னிசொலோன். நெல்லியடியில் மருந்தாளராக இருக்கும் நான் வைத்தியரின் துண்டைக் கேட்பேன். "அடுத்த கடையில தருவினம்" என்று இறங்கிப் போவார்கள். அங்கே கொடுக்கிறார்கள் என்பதுதான் கவலை.

அந்தக் குளிசை வேலை செய்யாமலில்லை. கிருமி புகுந்ததும் வெண்குருதிக் கலங்கள் சைற்றோகைன் என்ற புரதங்களை வெளிவிடுகின்றன. காய்ச்சலும் உடம்பு உளைவும் அவற்றால்தான். அதே புரதங்கள் மூளையையும் எட்டுகின்றன. மூளை கபச்சுரப்பியை ஏவ, அது அதிரீனற் சுரப்பியை ஏவ, கோட்டிசோல் சுரக்கிறது. கோட்டிசோல் கலங்களுக்குள் போய், சைற்றோகைன்களை ஆக்கும் மரபணுக்களை அடக்குகிறது. மூட்டியதும் உடம்புதான், தணிப்பதும் உடம்புதான். பிரெட்னிசொலோன் கோட்டிசோலின் வேலையையே செய்கிறது. ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை உடம்பு தீர்மானிப்பதில்லை, கடைக்காரர் தீர்மானிக்கிறார்.

நேரம் பிசகினால் பலனில்லை. 2020 இல் பிரித்தானியாவில் நடந்த ஆய்வில், இதே வகை மருந்தான டெக்சாமெதசோன், ஒட்சிசன் தேவைப்பட்ட கொவிட் நோயாளர்களின் இறப்பைக் குறைத்தது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் நன்மை இல்லை. டெங்குக்குத் தொடக்கத்திலேயே பிரெட்னிசொலோன் கொடுத்துப் பார்த்த வியட்நாம் ஆய்வு 2012 இல் வெளியானது, சிக்கல்கள் குறையவில்லை.

டெங்குவில் காய்ச்சல் விடும் வேளைதான் குருதிக்குழாய்களிலிருந்து திரவம் கசியக்கூடிய ஆபத்தான வேளை. குளிசை போட்டுக் காய்ச்சலை மறைத்தால், நோய் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று வீட்டாருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் பிடிபடாது. 2024 டிசெம்பரில் எங்கள் வடமராட்சியில் உயிர்களைப் பறித்த எலிக்காய்ச்சலுக்கும் அன்ரிபயோற்றிக் நேரத்தோடு கிடைக்க வேண்டும். காய்ச்சல் விட்டதென்று வீட்டில் இருந்துவிட்டால் அந்த நேரம் கைதவறிப் போகும்.

உணவு மருந்துப் பரிசோதகர்கள் மாரிக்கு முன்னரே கடைகளுக்குள் இறங்க வேண்டும். காய்ச்சலென்றால் அளவோடு பனடோல், நிறையத் திரவ உணவு, மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை. வைத்தியர் சொல்லி நீண்டநாளாகப் பிரெட்னிசொலோன் எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். உங்கள் அதிரீனற் சுரப்பி சோர்ந்திருக்கும். மற்றவர்கள், துண்டு கேட்கும் மருந்தாளரோடு கோபிக்காமல், கேட்காத கடையை விட்டு விலகுங்கள்.