பஸ்ஸில் மாற்றுமருந்தா?

ஹெரோயின் மிகையானவருக்கு மூச்சு அடங்கிவிடும். நலொக்சோன் மருந்தை மூக்கில் தெளித்தால் மூச்சு திரும்பும். பயிற்சி இல்லாதவரும் கொடுக்கலாம். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 2024இல் சில ரயில் நிலையங்களில் அதை வைத்தார்கள். நல்ல காரியம்தான். இங்கும் வைக்கலாம்.

ஆனால் வயலை நம்பிய எமக்குக் கைக்கெட்டும் நஞ்சு கிருமிநாசினி. அதற்கு நலொக்சோன் உதவாது. பரகுவாட், டைமெதோயேட், பென்தியோன் 2008-2011 காலத்தில் தடைசெய்யப்பட்டபின் சாவுகள் குறைந்தன, ஒழியவில்லை. பொஸ்பேற்று வகை நஞ்சுக்கு அத்ரோப்பீன் உண்டு. பழைய, மலிவான மருந்து. ஆயினும் நாடியையும் நெஞ்சையும் பார்த்துப் பார்த்து ஊசியில் ஏற்றவேண்டும். பஸ் நடத்துனரிடம் அதைக் கொடுக்க முடியுமா?

எனவே, 2006இல் இடம்பெயர்ந்து மீண்ட சம்பூர் மக்கள் மூதூர், கிண்ணியா வழியே திருகோணமலைக்கு வரும் பாதையில், ஒவ்வொரு சிறு வைத்தியசாலையிலும் இரவிலும் அதை ஏற்றத் தெரிந்த ஒருவர் இருக்கவேண்டும் என்று கேட்போம்.

தெளிக்கையில் பட்டாலும் சரி, மனமுடைந்து குடித்தாலும் சரி, ஏசாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கையுறையோ பொலித்தீன் பையோ மாட்டிக்கொண்டு நனைந்த உடுப்பைக் கழற்றி, உடலைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். இடப்பக்கம் சரித்துக் கிடத்துங்கள். வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். போத்தலையும் மூடி, கூடவே அனுப்புங்கள்.