கியர் பெட்டி போச்சு என்றார்கள்!

இந்த வாரம் சமையலும் இல்லை, சங்கீதமும் இல்லை. ஒரு டீசல் பிக்கப் வண்டியின் கதையைச் சொல்லப் போகிறேன். "வண்டி ரிப்பேர் ஆண்கள் பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இது மூன்றரை லட்ச ரூபாய்ச் சமாசாரம். அதுவும் ஒரு பெண்ணின் காலேஜ் சம்பளத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பணம்.

என் பெரியம்மாவின் மகள் பொள்ளாச்சியில் இருக்கிறாள். ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு. மாமாவுக்கு முழங்கால் வலி. ஆகவே கிளட்ச் மிதிக்க வேண்டாத ஆட்டோமாடிக் வண்டியாகப் பார்த்து வாங்கினார்கள். வாங்கியவர் மாமா, ஓட்டுகிறவள் அக்கா. தோப்புக்கு உரமூட்டை ஏற்றிப் போவது, வாரம் இரண்டு தடவை கோயமுத்தூர் போய் வருவது, எல்லாம் அவள்தான்.

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் வண்டிக்கு ஒரு விநோத வியாதி வந்தது. 60, 65 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போய்க் கொண்டிருக்கும். திடீரென்று, கண்ணுக்குத் தெரியாத ஆசாமி ஒருவன் கிளட்சை மிதித்து மிதித்து விடுகிறாற்போல் எஞ்சின் முள் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். வண்டி உதறும். சற்று வேகத்தைக் கூட்டினால் நின்றுவிடும்.

நகரத்தில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனாள். பட்டப்பகலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லையே!" என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவை கம்ப்யூட்டரை மாட்டினார்கள். "பி 0741" என்று ஒரு நம்பர் வந்தது. "கியர் பெட்டி போச்சு மேடம். முழுசாக மாற்ற வேண்டும். மூன்றரை லட்சம் ஆகும். சாரைப் பேசச் சொல்லுங்கள்" என்றார் மானேஜர். மூன்றரை லட்சத்தைவிட அந்தக் கடைசி வாக்கியம்தான் அக்காவுக்குச் சுருக்கென்று தைத்ததாம்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். இரண்டு மேஜை விசிறிகளை எதிரெதிராக வையுங்கள். ஒன்றைச் சுழல விட்டால் அந்தக் காற்றில் மற்றதும் தானே சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெய், அவ்வளவுதான். எஞ்சின் ஒரு விசிறியைச் சுற்றுகிறது. எண்ணெய் வழியாக அடுத்தது சுழன்று கியர்களை இயக்குகிறது. டார்க் கன்வர்ட்டர் என்பது இதைத்தான். அமெரிக்காவில் 1940-ஆம் வருஷத்து ஓல்ட்ஸ்மொபைல் கார்களிலேயே தானாக மாறும் கியர் வந்துவிட்டது என்றால், இது ஒன்றும் நேற்றைய வித்தை அல்ல.

ஆனால் எண்ணெய் வழியாகப் போகிற சக்தியில் கொஞ்சம் வழுக்கி வீணாகும். ஆகையால் வண்டி சீராக ஓடும்போது உள்ளே இருக்கும் ஒரு சிறு கிளட்ச் இரண்டு பக்கத்தையும் கைகோர்த்து இறுக்கிவிடுகிறது. எப்போது கோர்ப்பது, எப்போது விடுவது என்று தீர்மானிப்பது கம்ப்யூட்டர். நம் கால் ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு அழுத்துகிறது, வண்டி என்ன வேகம் என்பதை வைத்து அது முடிவு செய்கிறது. பி 0741 என்றால் "கைகோர்ப்பு சரியாக நிற்கவில்லை" என்பதுதான் பொருள். ஏன் நிற்கவில்லை என்று அந்த நம்பர் சொல்லாது. குழந்தைக்கு ஜுரம் என்று தெர்மாமீட்டர் சொல்லும். மலேரியாவா, தொண்டை வீக்கமா என்று சொல்லுமா?

அக்கா கெட்டிக்காரி. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், ஒவ்வொரு தடவை வண்டி உதறும்போதும் வீடு வந்ததும் ஒரு வரி எழுதி வைத்தாள். என்ன வேகம், ஏற்றமா சமதரையா, எஞ்சின் சூடேறி எத்தனை நேரம், மழையா, ஏ.சி. போட்டிருந்ததா, விளக்கு எரிந்ததா. மூன்று வாரத்தில் இருபது வரி சேர்ந்தன. நோட்டை எடுத்துக் கொண்டு உள்ளூரில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக் கொண்டு நிதானமாகப் படித்தாராம். பிறகு ஒரே ஒரு கேள்வி: "ஏனுங்க அம்மிணி, கோயமுத்தூருக்குக் காலையில போறப்போ ஒரு நாளும் ஆட்டமில்லை. சாயங்காலம் திரும்பறப்போதான் எல்லாமே. விளக்குப் போட்டாத்தான் வருதுங்களா?"

அக்கா நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆமாம்! இருபதில் பதினெட்டு வரிகளில் விளக்கு. மிச்ச இரண்டில் மழை, அதாவது வைப்பரும் ஏ.சி.யும்.

இனி அவர் செய்ததைக் கேளுங்கள். காலியான ரோட்டில், தாம் பக்கத்தில் உட்கார்ந்து கொண்டு, உதறல் வந்த நேரத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் பிரேக்கை லேசாகத் தொடச் சொன்னார். பிரேக்கைத் தொட்டால் அந்தக் கைகோர்ப்பு பிரிந்துவிடும். எஞ்சின் முள் சிறிது ஏறியது, உதறல் நின்றது. ஆக, கோளாறு கியர்களில் இல்லை. கைகோர்க்கும் இடத்தில், அல்லது அதற்கு உத்தரவு போடுகிற இடத்தில். இந்த இரண்டில் எது?

திரும்பி வந்து மீட்டரை பாட்டரியில் வைத்தார். 14.2 வோல்ட், பேஷாக இருந்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பிலும் இதைப் பார்த்துத்தான் மின்சாரத்தைச் சந்தேகிக்காமல் விட்டார்கள். ஆனால் இவர் மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்குத் திருப்பி, விளக்கைப் போட்டு, மறுபடி வைத்தார். பத்தில் ஒரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது!

ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது முன்னும் பின்னும் அலையாடும் மின்சாரம். டயோடு என்கிற சிறு சாமான்கள் அதைச் சல்லடைபோல் சலித்து ஒரே திசையில் அனுப்புகின்றன. சல்லடையில் ஓரிடம் கிழிந்தால் மாவோடு கப்பியும் விழும் அல்லவா? பளு கூடக் கூடக் கப்பியும் அதிகம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் செய்தி மிக மெல்லிய மின்சாரம். அதில் இந்த அலை கலந்தால், கால் அசையாமலே இருக்க, "அழுத்துகிறாள், விடுகிறாள், அழுத்துகிறாள்" என்று கம்ப்யூட்டர் நினைத்துக் கொள்கிறது. கையைக் கோர்க்கும், உதறும். அமெரிக்காவில் 1998 முதல் 2002 வரை ஓடிய சில டீசல் பிக்கப்புகளில் இது மிகவும் பிரசித்தமான வியாதி.

நிச்சயப்படுத்திக் கொள்ள, ஆல்டர்னேட்டர் ஒயர்களைக் கழற்றி, முனையைத் துணி நாடா சுற்றிக் கட்டிவிட்டு, பாட்டரியை மட்டும் நம்பிப் பத்து நிமிஷம் விளக்குடன் ஓட்டினார்கள். ஓர் உதறல் இல்லை. டயோடுத் தட்டு மாற்றினார்கள். கூலியோடு நாலாயிரத்துச் சொச்சம். அந்த வாரமே மானேஜர் போன் செய்து, "பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிடலாமா, சார் இருக்கிறாரா?" என்று கேட்டாராம். அக்கா என்ன பதில் சொன்னாள் என்று எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

எல்லா வண்டிக்கும் இதே வைத்தியம் என்று எண்ண வேண்டாம். டி-யில் போட்டதும் வண்டி இரண்டு விநாடி யோசித்துவிட்டு நகர்ந்தால் முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். புது வண்டிகள் பலவற்றில் எண்ணெய் பார்க்கும் குச்சியே கிடையாது. வண்டியைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, கம்பெனி சொன்ன சூட்டில் அடிமரையைத் திறந்தால் எண்ணெய் மெல்லச் சொட்ட வேண்டும். "பார்த்துவிட்டோம்" என்று சொன்னால், எந்தச் சூட்டில் பார்த்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். கறுத்துக் கருகல் நாற்றம் அடித்தாலோ, அடித்தட்டில் உலோகத் துகள் மின்னினாலோ அப்போது பெட்டியைப் பற்றிக் கவலைப்படலாம். ஒரே கியரில் முரண்டு பிடித்து விளக்கு எரிந்தால், பெட்டி தன்னைக் காத்துக் கொள்ளத் தானே ஒடுங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு சென்சாரோ, துருப்பிடித்த பாட்டரி முனையோகூடக் காரணமாகலாம்.

அக்கா வண்டியின் எண்ணெயையும் அந்த மெக்கானிக் மாற்றச் சொன்னார். மூன்று வாரம் கோர்த்து உதறியதில் அந்தச் சிறு கிளட்சின் பூச்சு கொஞ்சம் தேய்ந்திருக்கும். வடித்த எண்ணெய் சற்றே கறுத்துத்தான் இருந்ததாம். "பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டுங்க அம்மிணி, மறுபடி திறந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா அதையும் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.